கடை ஐடிக்கு விழுந்த பரிசு

உத்திரமேரூர் கடைத்தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் நெட் கடை வைத்திருந்த காலத்தில், ஊரில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு ஈமெயில் ஐடிதான் இருந்தது. அது எங்கள் கடை ஐடி. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கையில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன்.

முக்காடு போட்ட ஒருத்தி கடைத்தெருவைப் பார்த்தபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதே அப்போது வேடிக்கைதான். வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் பிறகு பாயம்மா, பாயம்மா என்று வந்து நின்றார்கள். புருஷனோ பிள்ளையோ துபாயில் இருப்பான். அவன் மெயில் போட ஐடி வேண்டும். தனியாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்றால், எனக்கெதுக்கு தனியா, உங்க கடைக்கே போடச் சொல்றேன் என்பார்கள். தபால்காரர் தெருமுனை டீக்கடையில் எல்லாருடைய தபாலையும் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது. அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

மெயில் அனுப்புகிறவன் மேலேயே யாருக்கு என்று எழுதிவிடுவான். மேட்டுத்தெரு பெரியம்மாவுக்கு, காலனி வேப்பமரத்து வீட்டுக்கு, இப்படி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பான். நான் பிரிண்ட் எடுத்து மடித்து வைப்பேன். வந்தால் கொடுப்பேன், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். கடைக்கு ஒரு மெயில் வந்தால் அது யாருக்கோ வந்திருக்கிறது. அந்த ஆளைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. அப்படித்தான் ஊரைப் பழக்கியிருந்தோம்.

குப்பை மெயிலும் வரும். ஏதோ ஒரு நாட்டு மந்திரியின் விதவை பெட்டி நிறையப் பணம் வைத்துக்கொண்டு என்னைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். செத்துப்போன வெள்ளைக்காரனுக்கு வாரிசே இல்லாமல் நான்தான் வாரிசாக இருப்பேன். காலையில் கடை வாசலைப் பெருக்கியதும் மெயில் பெட்டியைப் பெருக்குவேன். பெருக்கிக்கொண்டே திட்டுவேன். யாரைத் திட்டறே காலங்காத்தால என்பார் என் வீட்டுக்காரர். கண்ணுக்குத் தெரியாதவனைத் திட்டினால் என்ன, திட்டு போய்ச் சேராதா?

எங்களிடம் வாடிக்கையாக வருகிறவர்களில் ஒரு அக்கா இருந்தாள். காலனிக்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, மற்ற நாளெல்லாம் கழனி வேலைக்கு என்று இருந்தவள். புருஷன் துபாயில் கட்டட வேலை. அவன் அனுப்பியதில் அக்கா ஒரு பசுமாடு வாங்கினாள். பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் ஊற்றினாள். மாடு வந்த பிறகு அவள் யார் வீட்டு வாசலிலும் போய் இன்றைக்கு வேலை இருக்கிறதா என்று நிற்கவில்லை. கழனிக்காரர் ஆள் அனுப்பினால், தோதுப்பட்டா வர்றேன் என்று சொல்லி அனுப்புவாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே மாடு வளர்க்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் மாட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் எனக்கே ஒரு மாடு வாங்கத் தோன்றும்.

என் நாத்தனார் மகள் நிக்காஹுக்காக நான் வாலாஜாபாத் போயிருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது. கடையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். ஜெராக்ஸ் மிஷினை மூடின கண்ணோடு கழற்றி மாட்டுவார். இங்கிலீஷ் என்றால் மட்டும் கூச்சம். பெட்டியைத் திறந்திருக்கிறார். பெருக்க ஆளில்லை. பெரிய பெரிய எழுத்தில் வின்னர் என்று ஒன்று இருந்திருக்கிறது. வழக்கம்போல் பிரிண்ட் எடுத்துவிட்டார். யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ரைட்டர். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர். ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவர் அர்த்தம் சொன்னால்தான் அது காகிதம். அவர் படித்துச் சொன்னார். லண்டனில் ஒரு கம்பெனி குலுக்கல் போட்டதில் இந்த ஐடிக்குப் பெரும் பரிசு விழுந்திருக்கிறது. டிக்கெட் நம்பர் இது. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் அனுப்புகிற செலவுக்கு ஒரு தொகையை இந்தக் கணக்கில் கட்ட வேண்டும். பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது.

டிக்கெட் என்றதும் என் வீட்டுக்காரருக்கு அக்காவின் புருஷன் ஞாபகம் வந்திருக்கிறது. ஷாப்பிங் திருவிழா சமயத்தில் துபாய்க் கடையில் ரூம்காரர்களெல்லாம் சேர்ந்து குலுக்கல் டிக்கெட் வாங்கினோம் என்று அவன் போன மாதம்தான் எழுதியிருந்தான். நான் அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது இவரும் பக்கத்தில் இருந்தார். துபாய் எங்கே, லண்டன் எங்கே என்று ஒரு சந்தேகம் கேட்டாராம். வெளிநாடுன்னா எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான் பாய் என்றாராம் ரைட்டர். அவ்வளவுதான். யாருக்குமே வராத மெயிலுக்கு ஒரு சொந்தக்காரி கிடைத்துவிட்டாள்.

நான் ஊரிலிருந்து திரும்பியபோது கடை மேசையில் ஒரு பிடி ஆரஞ்சு மிட்டாய் கிடந்தது. அக்கா கொடுத்தது என்றார். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்த விஷயம் டீக்கடை, கறிக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் சுற்றிவிட்டு எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது. பிரிண்டை வாங்கிப் பார்த்தேன். எனக்குக் கோபம் உச்சிமண்டையில் ஏறியது. பரிசு விழுந்தவனுக்குப் பெயரில்லை. அன்புள்ள வின்னரே என்று மொட்டையாகத் தொடங்குகிறான். இவ்வளவு பெரிய கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஐடி இல்லை, எங்களை மாதிரியே ஓசி ஐடியிலிருந்து அனுப்பியிருக்கிறான். கொடுக்கப் போகிறவன் எதற்கய்யா முதலில் கேட்கிறான்? செலவென்றால் பரிசிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். வந்ததைக் கொடுத்தேன், நாம அப்படித்தானே பழக்கினோம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு அக்கா வந்தாள். தலைக்குப் பூ வைத்திருந்தாள். நான் பக்குவமாகத்தான் தொடங்கினேன். யக்கா, இது பொய், உலகத்தில் இருக்கிற ஐடிக்கெல்லாம் இதையே அனுப்பிக்கொண்டிருக்கிறான், நீ ஒரு பைசா கட்டாதே என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் கடை பேருக்குதானே பாயம்மா வந்துகீது? எனுக்கு இல்லன்னா அப்போ யாருக்கு? உனுக்கா?"

  ஊரில் எத்தனை பேர் சங்கதி என் வழியாகப் போயிருக்கிறது. எந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் தட்டிப்போனது, யாருக்கு ஆபரேஷன், எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டிருப்பேனா? அப்படி இருந்த என்னைப் பார்த்து, நீ அமுக்கப் பார்க்கிறாய் என்கிறாள். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அவள் மட்டுமில்லை. சாயங்காலத்துக்குள் கடைத்தெருவே அதைத்தான் பேசியது. மெயில் கடை ஐடிக்கு வந்ததாம், பாயம்மா பொய்யின்னு சொல்லித் தானே எடுத்துக்கப் பாக்குதாம். இதற்கு உப்பு, காரம் சேர்த்தது ரைட்டர். ரைட்டரிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிடு, அவர் அனுப்புகிற ஆளால்தான் ஜெராக்ஸ் ஓடுகிறது என்றார் என் வீட்டுக்காரர். ஜெராக்ஸ் ஓடாவிட்டால் மிஷினை எடைக்குப் போடுவேன், அவரிடம் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் நெட்டைத் துண்டித்துவிடுவேன். ஒரே லைன். துபாயில் அவர்களுக்கு லீவு நாள், போன் வரும். அந்த வெள்ளிக்கிழமையும் அக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்க்காமல். போன் வந்தது. பரிசு விழுந்ததை அக்கா சொன்னதும், அவள் புருஷன் கத்திய சந்தோஷம் எனக்கே கேட்டது. நான் இடையில் போனை வாங்கி, அண்ணே, உங்க டிக்கெட் நம்பர் என்ன என்று கேட்டேன். டிக்கெட் கூட்டாளியிடம் இருக்கிறதாம், அவன் வேறு கேம்புக்குப் போய்விட்டானாம். பரிசே வந்துட்ட பிறகு நம்பர் எதுக்கு பாயம்மா என்றான். அடுத்த வாரம் கான்ட்ராக்டரிடம் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பப் போகிறானாம். அக்கா போனை வைத்த பிறகும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைத் திருடி என்று சொன்னவள்மேல் வைத்திருந்த கோபம் பாதி கரைந்துபோனது. மீதிப் பாதியை லண்டன்காரனுக்கு மாற்றிக்கொண்டேன்.

கட்டுகிற தொகைக்கு அவளிடம் இருந்தது மாடு ஒன்றுதான். ரைட்டரே தரகரைக் கூட்டிவந்தார். எங்கள் பக்கம் மாடு விலை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல் என்பது பிடித்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். விரல் பிடித்து முடிந்தால் வார்த்தை முடிந்தது. வியாழக்கிழமை மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதென்று தரகர் முன்பணமும் கொடுத்துவிட்டார். இதை எனக்குச் சொன்னது சொசைட்டியில் பால் அளக்கிறவர். வியாழனுக்குப் பிறகு அவள் மறுபடி கழனிக்காரர் வாசலில் நிற்க வேண்டும். புருஷன் வேலையும் போயிருக்கும். சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சொல்லி ஆகாது என்றால் காட்டித்தான் ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புதிதாக ஒரு ஐடி திறந்தேன். அக்காவின் பசுவின் பெயரில். லண்டன்காரன் பரிசு வாங்குகிறவருக்கென்று ஒரு ஃபாரம் வைத்திருந்தான். அதை ஒரு வரி விடாமல், ஒரு பொய் கலக்காமல் நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் பசுவின் பெயர். தொழில், பால் கொடுப்பது. வாரிசு, கன்றுக்குட்டி ஒன்று. கீழே நல்ல இங்கிலீஷில் எழுதினேன்: ஐயா, நான் ஒரு பசு. எனக்கு நாலு கால். நான் எந்த டிக்கெட்டும் வாங்கியதில்லை. இருந்தாலும் நீங்கள் அனுப்பிய இந்த டிக்கெட் நம்பருக்கு உரிய பரிசு எனக்குத்தானா என்று தெரிவிக்கவும்.

இந்த வேலையை நீங்கள் யாரும் செய்துபார்க்காதீர்கள். பதில் போட்டால் அங்கே ஆள் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்துபோகும், அப்புறம் வெல்லத்தில் ஈ மாதிரி மொய்ப்பான். அதனால்தான் கடை ஐடியைத் தொடவில்லை. மொய்க்கிறதானால் மாட்டை மொய்க்கட்டும், அது வாலால் ஓட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை காலை பதில் வந்திருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பல்லைத்தான் கடித்தேன். அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். பரிசுக்காரன் மறுபடி எழுதியிருக்கிறான் என்று ரைட்டருக்கும் சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னால்தான் வருவார். கூடவே தரகரும் வந்தார், டீக்கடையில் இருந்தவர்களும் வந்தார்கள். நான் போட்ட மெயிலை முதலில் நானே படித்துத் தமிழில் சொன்னேன். நான் ஒரு பசு என்றதும் பின்னால் யாரோ கனைத்தார்கள். வந்த பதிலை எடுத்து ரைட்டர் கையில் கொடுத்தேன். நான் படித்தால் நான் பொய் சொல்வேன், நீங்களே படிங்க என்றேன்.

மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ராகமாகத்தான் தொடங்கினார். மதிப்புக்குரிய அம்மையாரே என்று பசுவின் பெயரைச் சொன்னார். அதோடு ராகம் போய்விட்டது. மீதியை முணுமுணுத்தார். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க என்றேன். தாங்கள் அனுப்பிய விவரங்களை எங்கள் அதிகாரிகள் நன்கு சரிபார்த்தார்கள். தாங்கள்தான் உண்மையான பரிசாளர் என்று உறுதி செய்யப்பட்டது. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் வாழ்த்துகள். தொகையை உடனே கட்டவும். படித்து முடித்து, ஆபீஸ்ல ஏதோ குழப்பம் போலிருக்கு என்றார். அதிகாரி வந்து மாட்டோட நாலு காலையும் எண்ணிட்டாராம் சார், இதுக்கு மேல இன்னா குழப்பம் என்று கேட்டேன்.

கடை வெடித்துச் சிரித்தது. தரகர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ரைட்டர் கூடச் சிரித்தார், அக்காவைப் பார்த்து. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவள் கையில் மிட்டாய் வாங்கித் தின்ற வாய்தானே எல்லாம்? எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் அர்த்தம் சொல்லப்போய்த்தானே அவள் மாட்டை விலை பேசினாள்? ஏமாற்ற வந்தவன் எங்கோ சுகமாக உட்கார்ந்திருக்கிறான், ஏமாறப் பார்த்தவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். சிரிக்கிறவங்க எல்லாம் வெளியே போய்ச் சிரிங்க, இது கடை என்றேன். ரைட்டர் அன்றைக்குப் போனவர்தான், அப்புறம் எங்களிடம் ஜெராக்ஸ் எடுக்கவில்லை. மிஷின் ஒன்றும் நின்றுவிடவில்லை.

அக்கா ஸ்டூலில் அப்படியே இருந்தாள். அழவில்லை. மாடு தப்பிச்சுது யக்கா என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"மாடு இல்ல பாயம்மா. அவரு வந்துடுவாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

 அந்தப் படுபாவிகள் நம் பணத்தை மட்டுமா கேட்கிறார்கள்? நமக்கு எதில் ஏக்கமோ அதைப் பார்த்துக் கைவைக்கிறார்கள். பிற்பாடு எங்கள் ஊருக்கு எத்தனையோ வந்தன. செல்போனில் பரிசு, வேலைக்கு முன்பணம், பேங்கிலிருந்து பேசுகிறேன் நம்பரைச் சொல். யார் வந்து என்னிடம் காட்டினாலும் நான் காகிதத்தைப் பிறகுதான் பார்ப்பேன். முதலில் ஆளைப் பார்த்து, உனக்கு இப்போ இன்னா கஷ்டம் என்று கேட்பேன். கஷ்டத்தில் இருக்கிறவனுக்குத்தான் பொய் மெயிலில் தன் பெயர் தெரியும்.

தரகர் மட்டும் போகாமல் வாசலிலேயே நின்றார். சிரித்தது சிரித்ததுதான், வியாபாரம் வியாபாரம்தான் அவருக்கு. விரல் பிடித்த பிறகு மாறுகிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது, நாளைக்கு வந்து பிடித்துக்கொள்கிறேன் என்றார். அக்கா எழுந்தாள். இடுப்பில் சொருகியிருந்த முன்பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வெரலதானே புடிச்சே? மாட்டப் புடிக்கலியே. போயா."

அவள் சொன்ன தினுசில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினாள். திருடி என்று சொன்னதற்கு ஏதாவது சொல்வாள் என்று நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.  மாட்டுக்கே தனியா ஐடி போட்டியே, எனக்கும் போடு என்றாள். அன்றைக்கே போட்டேன். அந்த மாதத்திலேயே கடை ஐடியை மூடி, ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து ஆளுக்கொன்று போட்டுக் கொடுத்தேன். முணுமுணுத்தவர்களும் உண்டு. பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நின்றவர்களும் உண்டு. நின்றால் நிற்கட்டும் என்று மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நெட்டைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் புருஷனிடம் நான் சொல்கிறேன் என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். பக்குவமாகச் சொல்ல நாலு வார்த்தை யோசித்தும் வைத்திருந்தேன். போன் அடித்ததும் கை நீட்டினேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்தாள். அந்தப் பக்கம் அவன் மூச்சுவிடாமல் பேசினான். பெட்டி கட்டியாயிற்று, கான்ட்ராக்டரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, பணம் கட்டியாயிற்றா என்று கேட்டான். அவள் அவனைப் பேசி முடிக்க விட்டாள். பிறகு, பால் சொசைட்டியில் கணக்குச் சொல்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பரிசும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய்யி. மாடு கீது. நான் கீறேன். இதுக்கு வர்றதுன்னா வாய்யா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை. அவள் காதோடு போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கம்ப்யூட்டருக்கு ஆள் வந்து நின்றது. லைன் வேணும் பாயம்மா என்றார்கள். இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.